தழும்பின் மேல் கட்டும், இதயத் துடிப்பை எண்ணும் பட்டை: போலார் எச்10, எட்டு மாத அனுபவம்

மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்கு இதயத்தில் மைட்ரல் வால்வு மாற்றினார்கள். சின்ன வயதில் தொண்டை வலிக்குப் பிறகு வந்த மூட்டுக் காய்ச்சல் வால்வைக் கெடுத்திருந்தது. இப்போது உள்ளே இருப்பது மெட்டல் வால்வு. ராத்திரி கரண்ட் போய் ஃபேன் நின்றால் அதன் டிக் டிக் பக்கத்தில் படுத்திருக்கும் என் வீட்டுக்காரருக்கே கேட்கும். வருகிற ஜனவரியில் சென்னையில் அரை மராத்தான், 21.1 கிலோமீட்டர் ஓடப்போகிறேன். டாக்டர் டிரெட்மில் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார். ஒரே நிபந்தனை, துடிப்பு நிமிடத்துக்கு 130ஐத் தாண்டக் கூடாது. நான் சாப்பிடும் மெட்டோப்ரோலால் துடிப்பை அடக்கி வைக்கும் மாத்திரை. அதனால் அதிகபட்சத் துடிப்பைக் கணிக்க 220இல் வயதைக் கழிக்கும் கணக்கு எனக்குப் பொருந்தாது.

முதலில் கையில் ஒரு ஸ்மார்ட் வாட்ச்தான் இருந்தது. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். ஒருநாள் காலை வேலூர்க் கோட்டைக்குள் ஓடும்போது குனிந்து பார்த்தால் 166! மூச்சு வாங்கவில்லை, படபடப்பும் இல்லை, ஆனாலும் கை கால் நடுங்கிவிட்டது. அப்படியே உட்கார்ந்து வீட்டுக்குப் போன் செய்தேன். ஆட்டோ பிடித்துப் போய் ஈசிஜி எடுத்தால் எல்லாம் சரியாக இருந்தது. மறுநாள் பிசியோதெரபி செய்யும் பெண் என்னை ஓடச் சொல்லிவிட்டு அரை நிமிடம் என் காலடியை எண்ணினாள். 83. நிமிடத்துக்கு 166, வாட்ச் காட்டிய அதே எண். "அக்கா, வாட்ச் உங்க இதயத்தை எண்ணல, உங்க அடியை எண்ணுது" என்றாள்.

வாட்ச் தோலுக்குள் ஒளி பாய்ச்சி ரத்த ஓட்டத்தைப் பார்க்கிறது. ஓடும்போது கை ஒரே தாளத்தில் ஆடுவதால் சில நேரம் அந்த ஆட்டத்தையே துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். போலார் எச்10 மாதிரி நெஞ்சில் கட்டும் பட்டை, ஈசிஜி போல, இதயத்தின் மின் அலையையே பிடிக்கிறது. பட்டையைக் கட்டி அதே வேகத்தில் ஓடினேன். 121. அன்றைக்குத்தான் எனக்குப் போன தைரியம் திரும்பி வந்தது.

கட்டும் விதம் பற்றி என் மாதிரி நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பட்டை உட்காரும் இடம் நெஞ்செலும்பின் அடிப்பக்கம். தழும்பு முடிவதும் அங்கேதான், டியூப் போட்டிருந்த இரண்டு சின்ன வடுக்கள் இருப்பதும் அங்கேதான். முதல் வாரம் அரித்தது. வடுக்களின் மேல் மெல்லிய பிளாஸ்திரி ஒட்டிப் பார்த்தேன், சரியானது. உள்ளாடையின் அடி எலாஸ்டிக் பட்டையின் மேல் ஏறாமல் ஒரு விரல் மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் இரண்டும் உரசும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் இறுக்கிக் கட்டாதீர்கள், கன்றிப்போகும். உள்பக்கத்தை மறக்காமல் தண்ணீரில் நனைத்துவிட்டுக் கட்டுங்கள். உலர்ந்த பட்டை வியர்வை வரும்வரை தாறுமாறாகக் காட்டும். ஓடி முடித்ததும் பட்டையில் மாட்டியிருக்கும் சென்சாரைக் கழற்றிவிட்டுப் பட்டையை அலசிவிட வேண்டும்.

விலை என் பழைய வாட்சைவிட அதிகம். இதில் திரை கிடையாது, போனிலோ வாட்சிலோதான் எண் தெரியும். சிஆர்2025 பட்டன் பேட்டரி, 400 மணி நேரம் வரும் என்கிறார்கள். நான் இன்னும் மாற்றவில்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். துடிப்பு தாளம் தப்பும் பிரச்சனை இருந்தால் எண் குதிக்கலாம். இது நோயைக் கண்டுபிடிக்கும் கருவி இல்லை.

எனக்கு அதிகம் உதவியது மே மாதத்தில்தான். நம்ம வேலூர் வெயில் தெரியாதா! காலை ஆறரைக்கே முதுகு சுடும். காட்பாடியில் இருந்து பாலாற்றுப் பாலம் ஏறும்போது வேகம் கூடவே இல்லை, எண் மட்டும் 118, 124, 129 என்று ஏறிக்கொண்டே போனது. உடம்புச் சூட்டைத் தணிக்க இதயம் கூடுதலாக உழைக்கிறது என்று அப்புறம் புரிந்தது. நடந்தேன். 112க்கு இறங்கியதும் மறுபடி ஓடினேன். போன ஞாயிறு அதே பாலத்தை நிற்காமல் தாண்டினேன், 126இல். மொத்தம் 14 கிலோமீட்டர்.