மாமியா ஆர்பி67க்கு இரண்டாவது லென்ஸ்: திருமலைக்காரருக்கு 180 தான்

மாமியா ஆர்பி67 என்ற பெரிய பிலிம் கமரா கையில் இருக்கிறது, அதோடு வந்த 90 மிமீ லென்ஸும் இருக்கிறது, இன்னொன்று வாங்கக் காசும் சேர்ந்துவிட்டது, எதை வாங்கலாம் என்று கேட்டால் என் பதில் 180 மிமீ எஃப் 4.5. திருகோணமலையில் இருந்துகொண்டு இப்படிச் சொன்னால் நிறையப் பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் துறைமுகம், மேலே இவ்வளவு பெரிய வானம், இதையெல்லாம் அடக்க 50 அல்லது 65 மாதிரி அகலமான லென்ஸ்தானே வேண்டும் என்பார்கள். 65ஐயும் 250ஐயும் இரவல் வாங்கி நன்றாகப் பாவித்துப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். இந்த ஊருக்கு 180 தான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சின்னக் கமராவில் பழகியவர்களுக்கு ஒரு கணக்கு. ஆர்பி67இன் பிலிம் சட்டம் ஏறத்தாழ 56க்கு 70 மிமீ. அதனால் லென்ஸின் எண்ணைப் பாதியாக்கினால் 35 மிமீ கமராவில் அது எந்த லென்ஸுக்குச் சமம் என்று கிட்டத்தட்டப் பிடித்துவிடலாம். 50 என்றால் 24 மாதிரி, 65 என்றால் 32 மாதிரி, 90 நாம் வழக்கமாகப் பார்க்கும் 45 மாதிரி, 127 என்றால் 62, 180 என்றால் 87, 250 என்றால் 120. ஆக 180 என்பது பெரிய தொலைநோக்கி லென்ஸ் ஒன்றும் இல்லை, முகம் எடுக்கும் லென்ஸ். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் கலியாணப் பெண் மாப்பிள்ளையை இருத்தி எடுத்ததும் இதுமாதிரி லென்ஸில்தான். அதனாலேயே இது சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது, விலையும் ஆர்பி லென்ஸ்களுக்குள் குறைந்த பக்கத்தில்தான் நிற்கிறது.

சரி, கடலுக்கு வருவோம். காலையில் டச்சு வளைகுடாக் கரையில் நின்று கோணேஸ்வரம் கோயில் நிற்கும் சுவாமி மலையைப் பாருங்கள். கண்ணுக்கு அந்தப் பாறை மலை மாதிரி எழும்பி நிற்கிறது. அதே இடத்தில் 65ஐப் போட்டுப் படம் எடுத்தால், மேலே பாதி வெறும் வானம், கீழே பாதி வெறும் தண்ணீர், நடுவில் ஒரு கோடு மாதிரி நிலம், அதன் ஒரு நுனியில் கோணேஸ்வரம் இருப்பதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தண்ணீர் கூடிப்போன குழம்பு மாதிரி. இதில் லென்ஸின் பிழை ஒன்றும் இல்லை, தூரம் அப்படி. பாறையின் உயரத்தை 130 மீற்றர் அளவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீற்றர் தள்ளி நின்றால் 65இல் அது பிலிமில் எட்டரை மில்லிமீற்றரைத் தாண்டாது, 90இல் பன்னிரண்டு, 180இல் இருபத்து மூன்று. சட்டத்தின் உயரம் 56 என்னும்போது, 180இல்தான் பாறை படத்தின் பாதிக்குக் கிட்ட வந்து, கண்ணுக்குப் பட்ட அந்தக் கம்பீரத்தோடு நிற்கிறது. கிழக்குப் பார்த்த முகம் என்பதால் சூரியன் எழும்பிக் கொஞ்ச நேரத்திலேயே பாறையின் வெடிப்புகள் ஒவ்வொன்றும் வெளிச்சமும் நிழலுமாகப் பிரியத் தொடங்கும். அந்த விவரம் பிலிமில் இறங்க வேண்டுமானால் பாறை பிலிமில் பெரிதாக விழவேண்டும், வேறு வழி கிடையாது.

உட்துறைமுகத்துக்கும் இதே கதைதான். அக்கரை தூரத்தில் இருக்கிறது, கப்பல் தூரத்தில் இருக்கிறது, நடுவில் தண்ணீர். இங்கே நாம் விரும்பிய இடத்துக்கு நடந்து கிட்டப் போக முடியாது. இரண்டாவது லென்ஸைத் தெரிவு செய்பவர்கள் இந்த இடத்தில்தான் யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்: ஊர் எவ்வளவு அகலம் என்பதை விட்டுவிட்டு, நீங்கள் எங்கே நிற்க முடிகிறது, அங்கிருந்து உங்களுக்கு வேண்டிய சாமான் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

கரைவலை இழுப்பதை எடுத்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். உப்புவெளிப் பக்கமோ சல்லிப் பக்கமோ வலை கரைக்கு வரும் நேரம், இரண்டு பக்கமும் கயிறு, வரிசையாக ஆட்கள், பின்னுக்குக் கயிறு சுற்றுபவர், குறுக்கும் நெடுக்கும் பிள்ளைகள். 90ஐ வைத்துக்கொண்டு நல்ல படம் வேண்டுமென்றால் கயிற்றுக்குப் பக்கத்தில் போய் நிற்கவேண்டும், அதாவது வேலை செய்பவர்களுக்கு இடைஞ்சலாக. எனக்கு அது பிடிக்காது. 180 என்றால் பதினைந்து மீற்றர் தள்ளி நிற்கலாம். அந்தத் தூரத்தில் சட்டத்தின் அகலத்துக்குள் ஏறத்தாழ ஆறு மீற்றர் விழும், நாலைந்து பேர் சரிந்து இழுக்கும் அந்த வரிசை அப்படியே நிறைந்து வரும். லென்ஸின் துவாரத்தை எஃப் 8க்குச் சுருக்கினால் (எஃப் எண் கூடக்கூடத் துவாரம் சிறுக்கும்) முன்னுக்கும் பின்னுக்குமாக ஏழு மீற்றர் வரை தெளிவாக இருக்கும். முதல் ஆளின் கைவிரல்கள் கயிற்றில் இறுகியிருப்பதும் தெரியும், கடைசி ஆளின் சாரம் நனைந்திருப்பதும் தெரியும், பின்னால் அலை மட்டும் கொஞ்சம் மென்மையாகப் போய்விடும். 6க்கு 7 சென்ரிமீற்றர் பிலிமின் அருமையே அதில்தான்.

இனி முகங்கள். ஆர்பியில் போகஸ் பண்ணுவது லென்ஸில் இல்லை, கமராவின் முன்னால் துருத்தி மாதிரி மடிந்து நீளும் பெல்லோஸில். அது 46 மிமீ வரை முன்னுக்கு நீளும். எந்த லென்ஸைப் போட்டாலும் கிட்டப் போகலாம் என்பது இந்தக் கமராவின் பெரிய வசதி. 180ஐப் போட்டு முழுவதும் நீட்டினால் ஒரு மீற்றருக்குள்ளேயே போகலாம், பொருளின் கால்வாசி அளவு பிலிமில் விழும், அதாவது ஒரு முகம் மட்டுமே சட்டத்தை நிறைத்துவிடும். அப்படி நீட்டும்போது வெளிச்சம் குறையும் என்பதை மறக்கவேண்டாம். 180க்கு முழு நீட்டலில் ஒரு ஸ்டொப்பில் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) மூன்றில் இரண்டு பங்கு கூட்டிக் கொடுக்கவேண்டும், 90க்கு ஒரு ஸ்டொப்புக்கும் சற்று மேல். கமராவின் பக்கவாட்டில் இதற்கான அளவுகோல் இருக்கிறது, அதைப் பார்க்கப் பழகினால் போதும். சாதாரணமாக ஆளை இடுப்பளவு எடுக்கும் தூரத்தில், இரண்டரை மீற்றர் என்று வைப்போம், இந்தத் திருத்தம் தேவைப்படாது. ஆனால் அங்கே எஃப் 4.5இல் தெளிவாக இருப்பது பத்து சென்ரிமீற்றர் அளவுதான். கண்ணில் போகஸ் வைத்தால் காது போய்விடும். எஃப் 8ஐவிடப் பெரிதாகத் துவாரத்தைத் திறக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். பின்பக்கத்தைச் சுழற்றி நிமிர்ந்த படம் எடுக்கலாம் என்பதால் இவ்வளவு பாரமான கமராவைச் சரிக்கவும் தேவையில்லை.

180இல் எனக்கு உள்ள குறைகளையும் சொல்லவேண்டும். 90ஐவிட வியூபைண்டர் அரை ஸ்டொப் இருட்டு. பகலில் தெரியாது, மாலை ஆறு மணிக்குத் தெரியும். அடுத்தது ஷட்டர். ஆர்பி லென்ஸ்கள் எல்லாவற்றிலும் ஷட்டர் லென்ஸுக்குள்ளேதான் இருக்கிறது, அதிகூடிய வேகம் 1/400. எந்த வேகத்திலும் பிளாஷ் ஒத்துப்போகும் என்பது இதன் நல்ல பக்கம். நடுப்பகல் வெயிலில் தொப்பிக்குக் கீழே கறுத்துப்போகும் முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் கொடுக்க இதைவிட நல்ல கமரா கிடையாது. கெட்ட பக்கம் என்னவென்றால், நிலாவெளி மணலில் எச்பி5 போன்ற வேகம் கூடிய 400 பிலிமைப் போட்டால் 1/400இல் எஃப் 16, சில நேரம் 22க்குக் கீழே வரவே முடியாது. 180ஐ வாங்குவதே பின்னணியைக் கரைக்கத்தான் என்றால் அங்கே அது நடக்காது. எஃப்பி4 மாதிரி 125 பிலிமைப் போடுங்கள், எஃப் 8க்கும் 11க்கும் நடுவில் வந்துவிடலாம். இல்லையென்றால் வெளிச்சத்தை மூன்று ஸ்டொப் குறைக்கும் என்டி பில்டர் ஒன்று வாங்குங்கள். 65, 90, 180 எல்லாவற்றுக்கும் ஒரே 77 மிமீ பில்டர்தான் என்பதால் அந்தக் காசு வீண்போகாது.

கையில் பிடித்து எடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. கமராவும் 90உம் பிலிம் பின்பக்கமும் சேர்ந்தாலே இரண்டரைக் கிலோவுக்கு மேல், உள்ளே வியூபைண்டருக்குப் படத்தைக் காட்டும் கண்ணாடியும் பெரியது, அது எழும்பும்போது கையில் அதிர்வது தெரியும். 90இல் 1/125இல் தப்பிவிடலாம். 180இல் நான் 1/250க்குக் கீழே கையில் பிடித்து எடுப்பதில்லை. ட்ரைபொட்டில் வைத்தால் கண்ணாடியை முதலில் தூக்கிவிட்டு எடுங்கள். லென்ஸில் உள்ள சின்னக் குமிழை எம் (M) என்ற எழுத்துப் பக்கம் திருப்பி, அதிலேயே ஷட்டரை அழுத்தும் கம்பியான கேபிள் ரிலீஸைப் பூட்டி, கமராவின் பொத்தானை அழுத்தினால் கண்ணாடி மட்டும் எழும்பும். அதிர்வு அடங்கியதும் கேபிளை அழுத்தினால் ஷட்டர் திறக்கும். சுவாமி மலையை இப்படி எடுத்த நெகட்டிவையும் சும்மா எடுத்ததையும் லூப் என்ற உருப்பெருக்கியில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கோபுரத்துச் சிற்பங்கள் இருக்கும் இடத்தில் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும்.

65ஐ ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் ஒன்றோடொன்று நெருக்கமாக இருக்கும் அந்த வளவுக்குள் பின்னுக்குப் போக இடமில்லை, அங்கே 65 அருமையாக வேலை செய்கிறது. பிரெட்ரிக் கோட்டை வாசல், கோயிலுக்கு ஏறும் வழியில் கடைகள் நெருங்கி நிற்கும் இடம், வீட்டுக்குள், விறாந்தையில், எல்லாம் 65இன் ராச்சியம். கட்டடமும் உள்வீடும்தான் உங்கள் விருப்பம் என்றால் அதையே வாங்குங்கள். கமராவோடு வந்தது 90 அல்லாமல் 127 என்றாலும் 65தான், ஏனென்றால் 127க்கும் 180க்கும் இடைவெளி போதாது. கிட்டப் போய் எடுக்கும் 140 மக்ரோ லென்ஸ், பூ, நகை, பழைய ஆவணம் எடுப்பவர்களுக்கு. 250ஐ நான் விரும்பினேன், கோட்டைக்குள் நிற்கும் புள்ளிமான்களை எடுக்கப் போனபோது, ஆனால் அந்த மான்கள் மனிதருக்குப் பழகியவை, 180க்கே தாராளமாக நின்று கொடுக்கின்றன. 250க்கு ட்ரைபொட் இல்லாமல் சரிவராது.

வாங்கும் விடயம். இப்போது கிடைப்பதெல்லாம் பாவித்த லென்ஸ்தான், நம் ஊர் ஈரக்காற்றில் முதல் எதிரி பூஞ்சணம். எனக்கு 180ஐத் தந்த பழைய ஸ்டூடியோ ஐயா சொன்னது: "தம்பி, சும்மா கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பார்த்தா ஒண்டும் தெரியாது. பின்பக்கத்தால டோர்ச் அடிச்சு, சரிச்சுச் சரிச்சுப் பாருங்க." அப்படிப் பார்த்தால் சிலந்திவலை மாதிரிக் கோடுகள் இருந்தால் தெரியவரும். ஓரத்தில் சின்னதாக ஒன்றிரண்டு தூசி பரவாயில்லை, படத்தில் வராது. பூஞ்சணம் என்றால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம், அதைத் திறந்து துடைக்கத் தெரிந்தவரைத் தேடிக் கொழும்பு வரை அலையவேண்டும்.

பிறகு ஷட்டர். கமரா பக்கத்தில் இல்லாவிட்டாலும் சோதிக்கலாம். லென்ஸின் பின்பக்கத்தில் உள்ள இரண்டு முள்களையும் பூட்டும் வரை திருப்பி, குமிழை எம்மில் வைத்து, கேபிள் ரிலீஸால் அழுத்துங்கள். ஒரு செக்கன் வேகத்தில் வைத்துக் காதால் கேளுங்கள். சுருதி மாறாமல் ஓடி முடிந்தால் நல்லது, நடுவில் இழுத்தால் உள்ளே எண்ணெய் காய்ந்துவிட்டது. ஷட்டர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜப்பானில் இருந்து தருவிப்பவர்கள் இந்த இரண்டு விடயத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்ந்தால் திருப்பி அனுப்புவது கட்டுப்படியாகாது.

பெயரில் சி என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அது பல அடுக்குப் பூச்சுள்ள பதிப்பு. எழுத்தில்லாத பழையவையும் கூர்மையில் குறைந்தவையல்ல, ஆனால் இங்கே காலையில் கடலைப் பார்த்தால் சூரியன் நேரே முகத்தில் அடிக்கிறது, பழைய பூச்சில் படம் வெளிறிப்போகும். சி பதிப்பு என்றாலும் வெயிலை மறைக்கும் ஹூட் கட்டாயம். கே/எல் என்று வருபவை பிந்தியவை, நல்லவை, விலை கூட. மாமியாவின் இன்னொரு கமராவான ஆர்இசட்67இன் லென்ஸை மட்டும் மறந்தும் வாங்கிவிடாதீர்கள், விற்பவர்களே சிலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிடுகிறார்கள். ஆர்பி லென்ஸ் ஆர்இசட் கமராவில் ஏறும், ஆர்இசட் லென்ஸ் ஆர்பியில் ஏறாது.

வாங்கியதும் தோல் உறையில் வைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதே அந்தத் தோல்தான். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல், நிறம் மாறியதும் அதை எடுத்துச் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடுவது, இவ்வளவுதான் செலவு. மாரி தொடங்கி வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் வெளியே போக முடியாவிட்டாலும் லென்ஸை இடைக்கிடை எடுத்து மெதுவான வேகங்களில் ஷட்டரை நாலைந்து தடவை அடித்து, டோர்ச்சையும் ஒருமுறை பின்னால் பிடித்துப் பார்த்துவிட்டு வையுங்கள்.