இதய நோயாளருக்கு இம்பிளான்டா, கழற்றி மாட்டும் கட்டுப்பல்லா?

மாரடைப்பிலிருந்து மீண்டு, பல்லின்றிச் சாப்பிட வருந்தும் பெரியவர்களின் வீட்டார் வன்னியில் அடிக்கடி கேட்பது இது. இம்பிளான்ட் என்பது தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்.

செலவு: இம்பிளான்டுக்கு மிக அதிகம், துணுக்காய் போன்ற இடத்திலிருந்து பலமுறை பயணமும் சேரும். கட்டுப்பல்லுக்குக் குறைவு.

உறுதி: இம்பிளான்ட் எலும்போடு ஒட்டச் சில மாதங்கள் எடுத்தாலும் பின்னர் அசையாது, தாடை எலும்பு தேயத் தேயக் கட்டுப்பல் தளரும்.

ஆபத்து: கட்டுப்பல்லுக்கு வழமையாக அறுவை இல்லை. இம்பிளான்டுக்கு உண்டு, குருதி உறையாதிருக்க வார்பரின் மருந்து எடுப்பவருக்குக் குருதி கசியலாம், ஆயினும் பயந்து மருந்தைத் தாமாக நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து என்பதால், முதலில் குருதி உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவைப் பார்க்க வேண்டும். செயற்கை வால்வு உள்ளவருக்கு, இதய உட்சவ்வில் தொற்று வராதிருக்க, அறுவைக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பர்.

மாரடைப்பு வந்து 6 மாதம் ஆகாதவருக்குக் கட்டுப்பல்லே ஏற்றது. நோய் கட்டுப்பாட்டிலுள்ள, புகைக்காத, கிளினிக் தவறாதவர் இதய மருத்துவரின் ஒப்புதலுடன் இம்பிளான்டை நாடலாம்.