முள்ளம்பன்றியா, முயலா: எது கொறித்துண்ணி?

ஊட்டிப் பக்கம் உருளைக்கிழங்குத் தோட்டத்தைத் தோண்டிப் போடும் முள்ளம்பன்றி, புல்வெளியில் ஓடும் காட்டு முயல் இரண்டில் எது எலிக்குச் சொந்தம் என்று கேட்டால், பலரும் முயலைத்தான் காட்டுவார்கள். முள்ளம்பன்றிதான் கொறித்துண்ணி. எலி, மலையணில் எல்லாம் அதே வரிசை, அதாவது அதே விலங்குப் பிரிவு.

வித்தியாசம் பல்லில் இருக்கிறது. முள்ளம்பன்றிக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கே வெட்டுப்பற்கள். வாழ்நாள் முழுக்க வளரும். கடினமான எனாமல் முன்பக்கம் மட்டுமே இருப்பதால் பின்பக்கம் சீக்கிரம் தேய்ந்து, பல் உளிபோலத் தானாகவே கூர்மையாகிவிடும். உதிர்ந்த மான்கொம்பு, எலும்பு எதையும் அது விடாது.

சரி, முயல்? அதன் பல்லும் ஓயாமல் வளரும்தான். ஆனால் மேல் வெட்டுப்பற்களுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் இன்னொரு சின்ன ஜோடி ஒளிந்திருக்கும். எந்தக் கொறித்துண்ணிக்கும் அது கிடையாது. எனாமலும் பல்லைச் சுற்றி இருக்கும். (பிடித்து வாயைத் திறந்து பார்க்க வேண்டாம், பலமாக உதைக்கும்.) முன்பு முயலையும் கொறித்துண்ணிகளோடுதான் சேர்த்திருந்தார்கள்; 1912இல் தனி வரிசையாகப் பிரித்தார்கள்.

அப்புறம், தன் மென்மையான புழுக்கையைத் தானே தின்று மறுபடி செரிப்பது முயலின் பழக்கம். சில கொறித்துண்ணிகளும் அப்படிச் செய்வதால், இதை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.