பாலக்காட்டுப் பக்கம் பவுலிங் விளையாடப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கடந்த மே மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பாலக்காட்டுப் பக்கம் ஒரு வணிக வளாகத்தின் மேல்தளத்தில் இயங்கும் பவுலிங் ஆலியில் (கனமான பந்தை உருட்டி, எதிர் முனையில் நிற்கும் பத்துக் கட்டைகளை, அதாவது பின்களை, சாய்க்கும் விளையாட்டுக்கூடம்) எங்கள் குடும்பம் ரூ.4,200 கட்டிவிட்டு, பேசிய ஆட்டத்தில் பாதிகூட ஆடாமல் திரும்பியது. புகார் நிலுவையில் இருப்பதால் அந்த இடத்தின் பெயரை எழுதவில்லை. கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பகுதித் தமிழ்க் குடும்பங்களும், வாளையாறு தாண்டிக் கோவையிலிருந்து வருகிறவர்களும் விடுமுறை நாட்களில் பிள்ளைகளை இப்படிப்பட்ட இடங்களுக்குக் கூட்டிச் செல்கிறார்கள் என்பதால், நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

நான் கொழிஞ்சாம்பாறையில் குடியிருக்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து அக்காவும் மச்சானும் இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். (பவுலிங் என்றதும் கிரிக்கெட் என்று நினைத்த என் அம்மா, இந்த வெயிலில் பிள்ளைகளைக் கொண்டுபோகாதே என்று தடுத்துப் பார்த்தார். வேறு காரணத்துக்காகவேனும் அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம்.) ஐந்து பேருக்குத் தலைக்கு இரண்டு ஆட்டம், ஓர் ஆட்டத்துக்கு ரூ.250 என்ற கணக்கில் ரூ.2,500, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று ரூ.450; கட்டாயமாக வாங்க வேண்டிய சாக்ஸ் ஐந்து ஜோடிக்கு ரூ.250, ஷூவுக்குத் திருப்பித் தரக்கூடிய டெபாசிட் ஆளுக்கு ரூ.200 வீதம் ரூ.1,000. மச்சான் தன் கைப்பேசியிலிருந்து ஜிபேயில் கட்டினார். கட்டிய பிறகுதான் கவுண்டரில் இருந்த இளைஞர், "அண்ணா, உங்க ஸ்லாட் நாலு டு அஞ்சு" என்றார்.

விளையாடிப் பழகியவர்கள் இந்த இடத்திலேயே விழித்துக்கொண்டிருப்பார்கள். ஓர் ஆட்டம் என்பது பத்து ஃப்ரேம், அதாவது பத்துச் சுற்று. ஒவ்வொரு ஃப்ரேமிலும் பொதுவாக இரண்டு பந்து வரை உருட்டலாம். பந்து 60 அடி நீளமுள்ள லேனை, அதாவது அது உருண்டு போகும் பாதையை, கடந்து பின்களைச் சாய்க்க வேண்டும், இயந்திரம் சாய்ந்தவற்றை வாரி அகற்ற வேண்டும், பந்து உருட்டியவரிடமே திரும்பி வர வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் ஒருவர் ஓர் ஆட்டத்தை முடிக்க ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகும். அப்படியானால் ஒரே லேனில் ஐந்து பேர் இரண்டு ஆட்டம் ஆட ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் தேவை. நாள் முழுக்க அந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்க வழியில்லை. இயந்திரம் அன்றைக்குப் பழுதாகாமல் இருந்திருந்தாலும், எங்களுக்கு விற்ற இரண்டாவது ஆட்டத்தை அவர்களால் தந்திருக்க முடியாது. நான் இதை மோசடி என்று சொல்வது அதனால்தான். வெறும் பராமரிப்புக் குறையாக இருந்தால் முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பேன்.

பராமரிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொடுத்த ஷூக்கள் உள்ளே ஈரமாக இருந்தன. என் அக்கா மகளுக்குக் கிடைத்த ஜோடியில் இடது ஷூவின் அடித்தோல் முன்பக்கம் வாய் பிளந்திருந்தது. குதிகாலில் 6 என்று எழுதியதை அடித்துவிட்டுக் கறுப்பு மார்க்கரால் 5 என்று எழுதியிருந்தார்கள். அவளுக்கு அது வேடிக்கையாகப் பட்டதால் ஸ்டேட்டஸில் போடுவதற்காகப் படம் எடுத்துக்கொண்டாள். அந்தப் படம்தான் பின்னால் எங்களுக்குக் கைகொடுத்தது.

பந்துகள் அதைவிட மோசம். பவுலிங் பந்து அதிகபட்சம் 16 பவுண்டு, அதாவது ஏழேகால் கிலோ வரை இருக்கும்; சிறுவர்கள் ஆறு, ஏழு பவுண்டுப் பந்தைத்தான் தூக்க வேண்டும். அங்கே பெரும்பாலான பந்துகளில் எடை எண் தேய்ந்து போயிருந்ததால், ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துத்தான் பிள்ளைகளுக்குப் பொருத்தமானதைத் தேட வேண்டியிருந்தது. ஒரு பந்தின் கட்டைவிரல் துளையின் விளிம்பு உடைந்து கண்ணாடிச் சில்லு போல நின்றதில், அக்கா மகன் விரலில் கீறிக்கொண்டான். முதலுதவிப் பெட்டி கேட்டதற்கு டிஷ்யூ காகிதம் தந்தார்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது பந்தை உருட்டுவதற்கு முன் நடந்து வரும் தளம். பவுலிங் ஷூவின் அடி வழவழப்பாக இருப்பதற்குக் காரணம், கடைசி அடியில் கால் சறுக்கி நிற்க வேண்டும் என்பதே. அங்கே யாரோ குளிர்பானம் சிந்தி, துடைக்காமல் காய்ந்து பிசுபிசுத்துக் கிடந்தது. சறுக்க வேண்டிய கால் அதில் ஒட்டி நின்றுவிட, பந்தின் எடை முன்னால் இழுக்க, மச்சான் முழங்கால் மண்டியிட்டு விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மாப் கொண்டுவர மட்டும் ஆறு நிமிடம் ஆயிற்று. அந்த ஆறு நிமிடமும் எங்கள் கணக்கில்தான் ஓடியது.

பத்துப் பின்களையும் நிறுத்தும் இயந்திரம் மூன்றாவது ஃப்ரேமிலேயே நின்றது. ஊழியர் ஒருவர் லேன் ஓரத்துக் குழியில் கால் வைத்து உள்ளே போய், சிக்கிய பின்னை எதையோ கொண்டு தட்டி விழவைத்துவிட்டு வந்தார். சற்று நேரத்தில் மறுபடி நின்றது. திரையில் வந்த கணக்கும் சரியில்லை: ஒன்பது பின் சாய்ந்ததை ஐந்து பேரும் பார்த்தோம், திரை 6 என்றது. பையன், "மாமா, என் மூணு பின் எங்கே போச்சு?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. சரியாக ஐந்து மணிக்கு, நாங்கள் முதல் ஆட்டத்தின் ஏழாவது ஃப்ரேமை முடித்திருந்த நிலையில், திரை அணைந்தது. நூறு ஃப்ரேமுக்குப் பணம் கட்டி முப்பத்தைந்து ஆடியிருந்தோம்.

டெபாசிட்டில் நானூறு ரூபாய் மட்டுமே திரும்பி வந்தது. மூன்று ஜோடி ஷூவை நாங்கள் சேதப்படுத்திவிட்டோமாம். படத்தைக் காட்டினோம், அது வேறு ஷூ என்றார் மேலாளர். குதிகாலில் அடித்தெழுதிய 5-ஐப் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் குரலை உயர்த்தினார். "நிங்ஙள் தமிழ்நாட்டில்நின்னல்லே? இதினு வேண்டி இனி இவிடெ வருமோ?" (நீங்கள் தமிழ்நாட்டிலிருந்துதானே? இதற்காக இனி இங்கே வருவீர்களா?) என்று அவர் மலையாளத்தில் கேட்டது என் காதில் இன்னும் இருக்கிறது. அறுநூறு ரூபாய்க்காக எவனும் எல்லை தாண்டி வந்து அலைய மாட்டான் என்ற நம்பிக்கையில்தான் அந்த வியாபாரமே நடக்கிறது என்று தோன்றுகிறது.

அந்த நம்பிக்கைக்குச் சட்டத்தில் இடமில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பணம் கட்டிய மச்சான் பொள்ளாச்சிக்காரர் என்பதால் கோவையே போதும். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் தொடுத்தால் போதும். ரசீது கொடுக்க மறுப்பதையும் இதே சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. எங்களுக்கு நச்சரித்த பிறகு ஒரு ரசீது கிடைத்தது, ஜிஎஸ்டி ரூ.450 என்று அச்சாகியிருந்த அதில் ஜிஎஸ்டி பதிவு எண்ணே இல்லை. அந்த எண் பதினைந்து எழுத்துகள் கொண்டது, கேரளத்துப் பதிவு 32 என்று தொடங்கும், தமிழ்நாட்டுப் பதிவு 33. பதிவு இல்லாதவர் வாடிக்கையாளரிடம் அந்த வரியை வசூலிக்கவே கூடாது. ஆகவே ரசீதில் எண் இல்லையென்றால், கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்பே கேளுங்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்தோம். பதினோராவது நாள் அறுநூறு ரூபாய் டெபாசிட் மச்சானின் கணக்குக்குத் திரும்பியது. ஆடாத ஆட்டத்துக்கு மட்டும், முப்பது நாளுக்குள் வந்து ஆடிக்கொள்ளலாம் என்று ஒரு கூப்பன் அனுப்பினார்கள். அதே லேனில் அதே பந்தைத் தூக்க யாருக்கும் மனமில்லாததால் மறுத்துவிட்டோம். உதவி எண்ணில் சமரசம் பேசுவார்கள், உத்தரவு போட அவர்களுக்கு அதிகாரமில்லை. எனவே நுகர்வோர் வழக்குகளை இணையத்தில் பதிவுசெய்யும் இ-ஜாக்ரிதி தளத்தின் வழியாகக் கோவை மாவட்ட ஆணையத்தில் மனு போட ரசீது, பணம் கட்டிய விவரம், ஷூவின் படம், மச்சான் முழங்காலுக்கு மருந்து போட்ட சீட்டு ஆகியவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறோம்.

இதே போல ஒரு மணி நேர ஸ்லாட்டில் ஐந்து பேருக்கு இரண்டு ஆட்டம் என்று உங்களிடமும் யாராவது பணம் வாங்கியிருந்தால், ரசீதையும் யூபிஐ பரிவர்த்தனை எண்ணையும் அழிக்காமல் வைத்திருந்து எனக்குத் தகவல் கொடுங்கள். மனுவை இந்த மாதக் கடைசியில் பதிவேற்றுகிறோம்.