டர்போ வீராவுக்கு எக்ஸோஸ்: சுங்கை சிப்புட்டில் ஒரு நல்ல பட்டறை

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் டர்போ கார் வைத்திருப்பவர்கள் எக்ஸோஸ் வேலைக்கு ஈப்போவுக்குப் போவார்கள், அங்கே திருப்தி இல்லையென்றால் கோலாலம்பூருக்கு. இனி அவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை. ஊரைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குள் மண்சாலை பிரிகிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வெல்டிங் தெரிந்த ஓர் அண்ணன், கூட வேலை கற்கும் ஒரு பையன், அவ்வளவுதான். என் காருக்கு டர்போவிலிருந்து இறங்கும் டவுன்பைப்பிலிருந்து சத்தத்தை அடக்கும் பின் மஃப்லர் வரை புதுக் குழாய் போட்டு, சூட்டைக் குழாய்க்குள்ளேயே அடக்கும் வெப்பத் துணியும் சுற்றிக் கொடுத்தார்கள். இவ்வளவு பொறுப்பாக எக்ஸோஸ் வேலை செய்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என்னுடையது பழைய புரோட்டோன் வீரா. உள்ளே இருப்பது மிட்சுபிஷி லான்சர் ஜிஎஸ்ஆரின் 1.8 லிட்டர் 4ஜி93 டர்போ இன்ஜின், ஹாஃப்கட்டாக, அதாவது பழைய காரின் வெட்டிய முன்பாதியாக வாங்கியது. காரின் பதிவுச் சான்றான கிரானில் இன்ஜின் மாற்றம் முறையாக ஏறியிருக்கிறது. இந்த இன்ஜினுக்கு எக்ஸோஸ் முன்பக்கம். டர்போ ரேடியேட்டரைப் பார்த்தபடி நிற்கும், டவுன்பைப் அங்கிருந்து இறங்கி இன்ஜின் எண்ணெய் நிற்கும் சம்ப்புக்கு அடியில் நுழைந்து பின்னால் போகும். அழுத்தி ஓட்டினால் பெட்ரோல் டர்போவின் எக்ஸோஸ் வாயு 900 டிகிரி செல்சியஸ் வரை போகக்கூடியது. அந்தச் சூடெல்லாம் விசிறிக்கும் இன்ஜினுக்கும் இடையில் ஒரு சாண் இடத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. மத்தியான வெயிலில், கூட்டரசு சாலையில், செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஊர்ந்துவிட்டு, வழி கிடைத்ததும் மிதித்தால் டர்போ தள்ளும் காற்றழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் முள் ஏறும், கார் ஏறாது. உள்ளே போகும் காற்று சூடாகிவிட்டால் அடர்த்தி குறைந்துவிடும். இன்ஜினுக்குள் கலவை தாறுமாறாக வெடிக்கும் நாக் வராமலிருக்க கம்ப்யூட்டர் இக்னிஷன் நேரத்தையும் பின்தள்ளும். ஏர்கானும் அந்த நேரம் பார்த்துத்தான் சோர்ந்து போகும்.

இருந்த பழைய குழாய் வேறோர் ஊரில் ஒரு கடையில் போட்டது. வளைவுகளை மெஷினில் நசுக்கி வளைத்திருந்தார்கள். நேராக ஓடும் இடத்தில் 2 அங்குலம், வளையும் இடத்தில் அதைவிடச் சப்பை. டர்போ காருக்கு இது பெரிய கெடுதல். எக்ஸோஸ் வாயு சுழற்றும் டர்போவின் டர்பைன் சக்கரத்துக்கு முன்னால் அழுத்தம் அதிகமாகவும் பின்னால் குறைவாகவும் இருந்தால்தான் அது வேகமாகச் சுழலும். பின்னால் வழியை அடைத்துவிட்டு என்ன டர்போ போட்டாலும் பிரயோசனமில்லை.

அண்ணனிடம் நான் கேட்டது துணி சுற்றத்தான். அவர் துணியைப் பற்றிப் பேசவே இல்லை. முதலில் ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். பின் குழாய் வாயை ஈரச் சாக்கால் பொத்திப் பிடிக்கும்படி பையனிடம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். டர்போவுக்குக் கீழே, குழாயை போல்ட்டால் இணைக்கும் ஃபிளாஞ்ச் ஓரத்தில் கரிக்கோடு ஒன்று இருந்தது, அங்கே வாயு கசிகிறது. இன்ஜினின் மேல்மூடியான ராக்கர் கவர் காஸ்கெட்டிலிருந்து எண்ணெய் மெல்ல வடிந்து டர்போ பக்கம் இறங்கியிருந்ததையும் டார்ச் அடித்துக் காட்டினார்.

“தம்பி, எண்ணெய் ஒழுகுற இன்ஜின்ல நான் துணி சுத்த மாட்டேன். ஒழுகுறதையெல்லாம் குடிச்சி வச்சிக்கும். ஒருநாள் ரோட்டுல பத்திக்கும்.”

காஸ்கெட்டையும் டர்போ எண்ணெய் திரும்பும் குழாயின் காஸ்கெட்டையும் மாற்றி, இன்ஜினைக் கழுவிக் காயவைத்த பிறகுதான் குழாய் வேலையே தொடங்கியது.

இந்தக் கண்டிப்பு அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. பல வருஷம் செம்பனை ஆலையில் நீராவிக் குழாய் வேலை பார்த்தவர். பழக்குலைகளை வேகவைக்கும் ஸ்டெரிலைசருக்கு 3 பார் அழுத்தத்தில், சுமார் 140 டிகிரியில் நீராவி போகும். வழியில் சூடு வீணாகாமலிருக்க அந்தக் குழாய்களுக்குக் ராக்வூல் என்ற பாறைப் பஞ்சு சுற்றி மேலே அலுமினியத் தகடு போர்த்துவார்கள். தகட்டில் எங்காவது இடுக்கு விழுந்து மழைத்தண்ணீர் உள்ளே இறங்கினால், வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே குழாய் செதில் செதிலாக அரித்துப் போயிருக்கும். அதை அவர் தன் கையால் பிரித்துப் பார்த்திருக்கிறார். கார் எக்ஸோஸுக்கும் இதே கதைதான். சாதா இரும்புக் குழாயில் துணி சுற்றி, நம் ஊரின் சாயங்கால மழையில் தினமும் ஓட்டினால் குழாய் அதிக காலம் தாங்காது. எனவே ஸ்டெயின்லெஸ் 304 இல்லாமல் துணி வேண்டாம் என்பது அவர் முடிவு. எனக்கு அதில் முழுச் சம்மதம்.

குழாய் இரண்டரை அங்குலம், 1.5 மில்லிமீட்டர் தடிமன். நான் 3 அங்குலம் கேட்டேன். மிச்ச வாயுவை டர்பைனில் படாமல் வெளியே விடும் வேஸ்ட்கேட் கதவு இந்த டர்போவில் சிறியது, பின்னால் ரொம்பவும் திறந்துவிட்டால் பூஸ்ட் கட்டுக்கு அடங்காமல் ஏறும், அதோடு தோட்டத்துச் சாலை மேட்டில் குழாய் இடிக்கும் என்றார். இரண்டும் நியாயமான காரணங்கள். நசுங்காமல் வளைத்த துண்டுகளை வாங்கி, அளந்து அறுத்து, டிக் வெல்டிங்கில் ஒட்டினார். ஒட்டும்போது குழாயின் இரு வாயையும் அடைத்து காற்று படாமலிருக்க உள்ளேயும் ஆர்கான் வாயு விட்டார். பல கடைகளில் இதைச் செய்ய மாட்டார்கள், கேஸ் காசு மிச்சம் என்று விட்டுவிடுவார்கள். உள்ளே ஆர்கான் இல்லாவிட்டால் வெல்டின் அடிப்பக்கம் கருகிப் பொருக்குத் தட்டும், பின்னால் அங்கேதான் விரிசல் விடும். என் குழாயில் ஒரு வெல்டின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று, வைக்கோல் நிறத்தில் இருந்தது.

புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, அவரும் எடுப்பவர் இல்லை. மஃப்லரும் சத்தம் அடங்கியதுதான். 1959 ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளைக் காட்டி சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே சாலையில் நிறுத்துவது ஒருபுறம் இருக்கட்டும். விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வரிசை வீட்டில் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்து அழுவது எனக்குப் பிடிக்காது.

துணிக்கு வருகிறேன். மலிவில் கிடைப்பது வெளிர் மஞ்சள் கண்ணாடி இழை. நான் வாங்கிப் போனது டிஇஐ கம்பெனியின் டைட்டேனியம், வெண்கல நிறம். பெயர்தான் டைட்டேனியம், இழை எரிமலைப் பாறையிலிருந்து வருவது. நேரடிச் சூட்டில் 1800 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 980 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று கம்பெனி சொல்கிறது. கண்ணாடி இழையை நனைத்துச் சுற்றுவது வழக்கம், இதை உலர்ந்தபடியே சுற்றலாம். கையுறையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் இரண்டையுமே தொடக்கூடாது. இழைத்தூள் ஏறினால் இரவெல்லாம் அரிக்கும்.

சுற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். கீழ் முனையில் தொடங்கி டர்போவை நோக்கி மேலே வந்தார். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் மேல் கால் அங்குலம் ஏறி உட்கார்ந்தது, தகரக் கூரையில் மேல்தகடு கீழ்த்தகட்டின் மேல் படிகிற மாதிரி. அதனால் தண்ணீரும் கல்லும் இடுக்கில் புகாமல் வழுக்கிப் போய்விடும். பையன் சுருளை இழுத்துப் பிடிக்க, அவர் குழாயைத் திருகித் திருகிச் சுற்றினார். வளைவின் உட்புறம் துணி மடிந்தபோது பாதிச் சுற்றை அவிழ்த்து மறுபடி போட்டார். இரு முனையிலும் ஸ்டீல் பட்டி. அசைந்து கொடுக்கும் ஃப்ளெக்ஸ் குழாய், ஆக்சிஜன் சென்சார், ஃபிளாஞ்ச் போல்ட் எதன் மேலும் துணி ஏறவில்லை. சம்ப்புக்கு அடியில் போகும் பகுதியில் துணியே போடவில்லை, அங்கேதான் மழைத்தண்ணீர் அதிகம் தெறிக்கும். அதற்குப் பதில் குழாய்க்கும் சம்ப்புக்கும் நடுவே இடைவெளி விட்டு ஒரு தகடு வைத்தார். இன்ஜினிலிருந்து வாயுவைச் சேர்த்து டர்போவுக்குத் தரும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டையும் சுற்ற மறுத்துவிட்டார், சூடு உள்ளேயே நின்றால் விரிசல் விடும் என்று. முன்பு யாரோ கழற்றிப் போட்டிருந்த ஒரிஜினல் தடுப்புத் தகட்டுக்கு மாற்று தேடிப்பிடித்து மாட்டினார்.

முதல் முறை சூடேற்றும்போது நன்றாகப் புகையும், நாற்றமும் வரும். இழையில் உள்ள பசை எரிவதுதான், பயப்பட வேண்டாம். வீட்டுப் போர்ச்சில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

பலன் என்ன என்றால், இரண்டைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பூஸ்ட் சீக்கிரம் வருவது குழாயால். கோலகங்சாரிலிருந்து பிளஸ் நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கத்துக்கு ஏறும் மேட்டில், முன்பு கியர் இறக்கிய இடத்தில் இப்போது இறக்காமல் போகிறேன். துணியால் குதிரைசக்தி கூடியதாக எனக்குத் தெரியவில்லை, அப்படிச் சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள். துணி தருவது சூட்டிலிருந்து விடுதலை. விசிறிக் கூட்டின் பிளாஸ்டிக்கைத் தொடாமலே சூட்டை அளக்கும் துப்பாக்கியால் அளந்தபோது முன்பு 86 டிகிரி, இப்போது அதே மாதிரி ஓட்டிவிட்டு வந்து 68. பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் மேல் அந்தத் துப்பாக்கியைக் காட்டாதீர்கள், உண்மைச் சூட்டைவிடக் குறைத்தே காட்டும். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலத்தில் லாரிக்குப் பின்னால் மாட்டினாலும் ஏர்கான் இப்போது குளிர்கிறது. என் மனைவி கவனித்தது இது ஒன்றைத்தான், அதுவே எனக்குப் போதும்.

குறையும் உண்டு. சொன்ன தேதியில் வேலை முடியவில்லை, தாமதம் என்று போன் செய்தும் சொல்லவில்லை. காசாக மட்டுமே வாங்குகிறார். பின் மஃப்லரைத் தாங்கும் கொக்கி வெல்டிங் பையன் கை போலிருக்கிறது, உறுதியாக இருந்தாலும் அழகில்லை. குழாய், வெல்டிங், கூலி எல்லாம் சேர்த்து 1,450 ரிங்கிட், துணியும் பட்டியும் நான் வாங்கியது 280. ஈப்போவில் கேட்ட விலையைவிடக் குறைவு, வேலை அதைவிட மேல்.

இரண்டு வாரம் ஓட்டிவிட்டு வந்தால் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளை மறுபடி முறுக்கித் தருவார், அதற்குக் காசில்லை. வருஷத்துக்கு ஒருமுறை கீழ் முனைப் பட்டியை அவிழ்த்து உள்ளே குழாயைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். போகிறவர்கள் காலையில் பசியாறுவதற்கு முன்பே காரைக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். இன்ஜின் நன்றாக ஆறாமல் அவர் எக்ஸோஸில் கை வைக்க மாட்டார்.