அரச வேலையில தொடக்கச் சம்பளத்தைக் கூட்டித் தாறன் எண்டு காசு கேக்கிற ஆளிட்ட மாட்டுப்படாதேங்கோ (திருகோணமலை ஆக்கள் கட்டாயம் வாசிக்கவும்)

திருகோணமலை டவுண், கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கம் அரச வேலைக்கு அப்ளை பண்ணிப்போட்டுக் காத்துக்கொண்டிருக்கிற பிள்ளையளும் அவையின்ர அம்மா அப்பாமாரும் தயவுசெய்து இதைக் கடைசி மட்டும் வாசியுங்கோ. என்ர தங்கச்சியிட்ட இருந்து ஒரு ஆள் அஞ்சரை லட்சம் ரூபா வாங்கிப்போட்டு பொய் அப்பொயின்மென்ட் லெட்டர் குடுத்திருக்கிறார். வேலை எடுத்துத் தாறன் எண்டு காசு அடிக்கிறது எங்கட ஊரில புதுசில்லை, எல்லாருக்கும் தெரியும். ஆனா இந்த ஆள் அதுக்கு மேல ஒரு வேலை பாத்திருக்கிறார், "தொடக்கச் சம்பளத்தையும் பேசிக் கூட்டிப் போட்டுத் தாறன்" எண்டு ரெண்டாம் தரமும் வாங்கியிருக்கிறார். அந்தக் கதைதான் படிச்ச பிள்ளையளையும் நம்ப வைக்குது, அதால அதைத்தான் விரிவா எழுதுறன்.

தங்கச்சி டிகிரி முடிச்சவ. முடிச்ச கையோட அரச வேலை கிடைக்கேல்ல, இங்க டவுணில ஒரு பைனான்ஸ் கம்பனியில நாலு வருசமா வேலை செய்தவ. 2017இல எங்கட பட்டதாரிப் பிள்ளையள் வேலை கேட்டு ரோட்டில கொட்டில் போட்டு மாசக்கணக்கா இருந்தது ஞாபகம் இருக்கும் உங்களுக்கு. அந்த ஊரில ஒரு வீட்டில டிகிரி முடிச்ச பிள்ளை இருந்தா அம்மா அப்பாவுக்கு ராத்திரி நித்திரை வாறேல்ல, அவ்வளவுதான். 2025 பட்ஜெட்டில அரச சேவைக்கு 30,000 பேர் எடுக்கப்போறம் எண்டு அறிவிச்சவங்கள், அது பேப்பர் எல்லாத்திலயும் வந்தது, அந்த நேரம் பாத்துத்தான் இந்த ஆள் எங்கட சொந்தக்காரர் ஒராளின்ர மூலமா வீட்டுக்கு வந்திருக்கிறார். முந்தி மாகாணத் திணைக்களம் ஒண்டில இருந்து ரிட்டயர் ஆன ஆள் எண்டு சொல்லி, வெள்ளை சேர்ட், கையில பைல், எல்லாரும் "சேர்" எண்டுதான் கூப்பிடுறது. அம்மாட்ட "தங்கச்சி, உங்கட பிள்ளை என்ர பிள்ளை மாதிரி" எண்டு கதைச்சிருக்கிறார். அபிவிருத்தி உத்தியோகத்தர் வேலை, நாலு லட்சம், பாதி முதல்ல பாதி லெட்டர் வரேக்க. அப்பாவின்ர சேமிப்பும் அம்மாவின்ர காப்புச் சோடி அடகு வைச்ச காசும் அதுக்குப் போட்டுது.

இனித்தான் மற்றக் கதை.

பிரைவேட்டில வேலை செய்த ஆக்களுக்குத் தெரியும், இன்டர்வியூ முடிய எச்ஆர் கூப்பிட்டு "எவ்வளவு எதிர்பாக்கிறியள்" எண்டு கேப்பினம், நாங்கள் ஒண்டு சொல்லுவம், அவை ஒண்டு சொல்லுவினம், நடுவில எங்கயோ வந்து நிக்கும். தங்கச்சியும் அப்பிடித்தான் பைனான்ஸ் கம்பனியில சேர்ந்தவ. இந்த ஆள் அதைக் கேட்டு வைச்சுக்கொண்டு, "மகள், உங்களுக்கு நாலு வருச அனுபவம் இருக்கு, அதைக் காட்டினா உங்களை முதல் சம்பளப் படியில போடத் தேவையில்லை, அஞ்சாம் படியில போடலாம், சம்பளப் பகுதியில என்ர ஆள் இருக்கிறார், ஆனா அவருக்கும் ஏதும் குடுக்கோணும்" எண்டிருக்கிறார். அதோட விட்டாரா எண்டா இல்லை. பைலுக்குள்ள இருந்து ஒரு போட்டோ கொப்பி எடுத்துக் காட்டியிருக்கிறார். அது பொய்ப் பேப்பரே இல்லை, உண்மையான 10/2025 பொது நிர்வாகச் சுற்றறிக்கை. அரச ஊழியருக்கான குறைஞ்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250இல இருந்து 40,000 ஆக்கினது அந்தச் சுற்றறிக்கையாலதான். ஆனா அந்தக் கூடின காசு ஒரேயடியா வராது, 2025 ஏப்ரலில ஒரு பகுதி, 2026 ஜனவரியில ஒரு பகுதி, 2027 ஜனவரியில மிச்சம் எண்டு மூண்டு தரமாத்தான் எல்லாருக்கும். இந்த ஆள் 2027 தொகையை மஞ்சள் பேனையால கோடு போட்டுக் கொண்டுவந்து, "மற்ற ஆக்களுக்கு இது 2027இல, உங்களுக்கு நான் சேர்ற மாசமே எடுத்துத் தாறன்" எண்டிருக்கிறார். உண்மைப் பேப்பரைக் கையில வைச்சுக்கொண்டு பொய் சொன்னா ஆர்தான் நம்பமாட்டினம்? அதுக்கு ஒண்டரை லட்சம். அந்தக் காசை கையில வாங்கேல்ல, மட்டக்களப்புப் பக்கத்து ஒரு பொம்பிளையின்ர பேங்க் அக்கவுண்டுக்குப் போடச் சொல்லியிருக்கிறார்.

லெட்டர் வட்ஸ்அப்பில வந்தது. பேந்து பிரிண்ட் எடுத்த கொப்பி ஒண்டை ஓட்டோக்காரத் தம்பி ஒராளிட்ட குடுத்து விட்டவர். தங்கச்சி பைனான்ஸ் கம்பனி வேலையை விட்டுப்போட்டு, புதுச் சாறி உடுத்து, காலமை பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துபோட்டு லெட்டரில போட்டிருந்த ஒபிசுக்குக் கடமை ஏற்கப் போனவ.

அங்க இருந்த ஒரு அக்காவுக்கு நான் எந்தக் காலமும் நன்றி மறக்கமாட்டன். லெட்டரைப் பாத்த உடன சனத்துக்கு முன்னால ஒண்டும் சொல்லாம, "தங்கச்சி வாங்கோ உள்ள" எண்டு கூட்டிக்கொண்டு போய் கதிரையில இருத்தி தண்ணி குடுத்து, தன்ர சொந்த நியமனக் கடிதக் கொப்பியை லாச்சிக்குள்ள இருந்து எடுத்து பக்கத்தில வைச்சுக் காட்டியிருக்கிறா. அண்டைக்குப் பின்னேரம் நானும் போய் அவவைச் சந்திச்சனான், அவ சொன்னதை அப்பிடியே எழுதுறன், உங்களிட்ட ஆரும் லெட்டர் நீட்டினா இதுகளைப் பாருங்கோ.

அவவின்ர லெட்டரில சம்பளம் எண்ட இடத்தில இருந்தது வெறும் ஒரு தொகை இல்லை. எம்.என். 4-2016 எண்டு சம்பளக் குறியீடு, அதுக்குப் பக்கத்தில 31,490 – 10×445 – 11×660 – 10×730 – 5×750 – 54,250 எண்டு ஒரு நீட்டு வரி. அந்த வரிக்கு அர்த்தம், 31,490இல தொடங்கி முதல் பத்து வருசம் வருசத்துக்கு 445, அடுத்த பதினொரு வருசம் 660, பிறகு பத்து வருசம் 730, கடைசி அஞ்சு வருசம் 750, 54,250இல முடியும். 2016ஆம் ஆண்டு சம்பளத் திட்டத்தின்படி அபிவிருத்தி உத்தியோகத்தருக்கு அதுதான், அம்பாறையில சேர்ந்தாலும் யாழ்ப்பாணத்தில சேர்ந்தாலும் அதுதான். 2025இல தொகையள் மாறியிருக்கு, ஆனா முறை மாறேல்ல, புதுசா சேர்ற ஆள் முதல் படியில இருந்துதான் ஏறோணும். "இதில பேச்சுவார்த்தைக்கு இடமே இல்லை தங்கச்சி, அமைச்சற்ற மகள் வந்தாலும் முதல் படிதான்" எண்டு அந்த அக்கா சொன்னவ. ஏற்கனவே அரச சேவையில இருக்கிற ஆள் வேற பதவிக்கு மாறினா சம்பளத்தை எந்தப் படியில வைக்கிறது எண்டதுக்கு தாபன விதிக்கோவையில (அரச ஊழியருக்கான விதிப் புத்தகம்) தனி விதி இருக்கு. அதுவும் விதிப்படி நடக்கிறது, கேட்டு எடுக்கிறதில்லை. பிரைவேட் அனுபவத்துக்கு சில இன்டர்வியூக்களில புள்ளி குடுக்கிறவை, அதுவும் வர்த்தமானி (அரசாங்கம் வெளியிடுற அறிவித்தல் பத்திரிகை) அறிவித்தலில போட்டிருக்கும், அது ஆளைத் தெரிவு செய்யத்தான்.

தங்கச்சியின்ர லெட்டரில இருந்தது "மாதாந்தச் சம்பளம்" எண்டு ஒரேயொரு தொகை. குறியீடும் இல்லை, படி வரியும் இல்லை. அதுக்குக் கீழ "ஊழியர் சேமலாப நிதிக்கு 8% கழிக்கப்படும்" எண்டு. இதைப் பாத்திட்டுத்தான் அந்த அக்கா தலையில கை வைச்சவ. ஈபிஎப் எண்ட இந்தச் சேமலாப நிதி பிரைவேட் கம்பனிக்காரருக்குக் கழிக்கிறது, ஓய்வூதியம் உள்ள நிரந்தர அரச வேலைக்கு அது கிடையாது, அதுக்குப் பதிலா விதவைகள் தபுதாரர் ஓய்வூதியத்துக்குத்தான் சம்பளத்தில கழிப்பினம். ஆரோ ஒரு கம்பனியின்ர லெட்டரை எடுத்து மேல அரச இலச்சினையை ஒட்டியிருக்கிறாங்கள். மூண்டு வருச தகுதிகாண் காலம் பற்றி ஒரு வரி இல்லை, வினைத்திறமைகாண் தடைதாண்டல் (வேலையில சேர்ந்தாப்பிறகு பாஸ் பண்ணோணும் எண்ட சோதனை) பற்றி இல்லை, ரெண்டாம் மொழித் தேர்ச்சி பற்றி ஒண்டும் இல்லை. உண்மையான லெட்டரில பக்கம் பக்கமா இருக்கிறதே இந்த நிபந்தனையள்தான். பிறகு திகதி. 2025 ஜூலை 10 எண்டு போட்டிருந்தது. அண்டைக்கு எசல போயா, நாடு முழுக்க லீவு, எந்த ஒபிசும் திறந்திருக்கேல்ல. இலச்சினை மங்கி, சிங்கத்தின்ர வாள் எங்க எண்டு தேடோணும், ஜெராக்ஸ் மேல ஜெராக்ஸ் அடிச்ச மாதிரி.

அந்த ஆளுக்கு போன் எடுத்தம். முதல்ல "ஒபிசில ஒரு சின்னக் குழப்பம், திங்கக்கிழமை சரியாகும்" எண்டார். திங்கக்கிழமை போய் அடுத்த திங்கக்கிழமையும் போட்டுது. பிறகு அப்பா கொஞ்சம் குரலை உயர்த்தினாப்போலதான் அவற்ற உண்மை முகம் தெரிஞ்சது. "பொலிசுக்குப் போறதெண்டா போங்கோ, லஞ்சம் குடுத்ததும் குற்றம்தான், முதல்ல உங்கட மகளைத்தான் உள்ள போடுவாங்கள், பிறகு வாழ்க்கையில அரச வேலையே கிடையாது." இதைக் கேட்டு அப்பா பயந்து போனார். அம்மா "போன காசு போகட்டும், பிள்ளையின்ர பேர் வெளிய வரக்கூடாது" எண்டு அழுதா. எத்தினை வீட்டில இந்த ஒரு வசனத்தோட கதை முடிஞ்சிருக்கும் எண்டு நினைக்க எனக்கு நெஞ்சு கொதிக்குது. அவர் காசு அடிக்கிறதுக்கு லெட்டர் தேவை, தப்புறதுக்கு இந்த வசனம் தேவை, ரெண்டையும் முதல்லயே ஆயத்தமா வைச்சிருக்கிறார்.

நாங்கள் ஒரு லோயரிட்ட போனம். அவர் பொறுமையா விளங்கப்படுத்தினார், இலங்கையில லஞ்சம் குடுக்கிறதும் குற்றம்தான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனா இந்த ஆள் எந்தப் பதவியிலயும் இல்லை, வேலையும் இல்லை, சம்பளப் பகுதியில ஆளும் இல்லை, எல்லாம் பொய், பொய்யைச் சொல்லிக் காசு எடுத்தது ஏமாற்றுதல், இல்லாத லெட்டரை அரச இலச்சினையோட அடிச்சது போலி ஆவணம், ரெண்டும் தண்டனைச் சட்டக் கோவையில குற்றம், நடந்ததை நடந்தபடி ஒளிக்காமல் சொல்லிப் போய் முறைப்பாடு குடுங்கோ எண்டார். குடுத்தம். வாக்குமூலம் எடுத்தவை, விசாரணை போகுது. அங்க போனாப்பிறகுதான் தெரியும், மூதூர்ப் பக்கத்து ஒரு பிள்ளையும் நிலாவெளிப் பக்கத்து ஒரு தம்பியும் இதே லெட்டரோட, இதே 8% வரியோட வந்திருக்கினம்.

அரச வேலை உண்மையில எப்பிடி வருது எண்டு வயசு போன அம்மா அப்பாமாருக்கு விளங்கோணும் எண்டதுக்காக இதையும் எழுதுறன். வெற்றிடம் எண்டா வர்த்தமானி, வழமையா வெள்ளிக்கிழமைகளில வரும், மூண்டு மொழியிலயும் அரச அச்சகத் திணைக்கள இணையத்தளத்தில சும்மா பாக்கலாம். மாகாண வேலை எண்டா கிழக்கு மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழு அறிவிக்கும், அந்த ஒபிஸ் எங்கட திருகோணமலையிலதான் இருக்கு, கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, நேர போய்க் கேக்கலாம். அறிவித்தலிலயே சம்பளக் குறியீடு, தொடக்கத் தொகை, வயசு, தகுதி, சோதனையா இன்டர்வியூவா எல்லாம் இருக்கும். அப்ளை பண்ணுறதுக்கு ஒரு காசு கட்டோணும் எண்டா அது பரீட்சைக் கட்டணம் மட்டும்தான், பரீட்சைத் திணைக்களச் சோதனை எண்டா 2003-02-13 எண்ட இலக்கமுள்ள (இது திகதி இல்லை) அரச வருமானத் தலைப்பில வரவு வைக்கிறது, ரசீது தருவினம். ஆற்றயோ பேங்க் அக்கவுண்டுக்கு ஒரு சதமும் போடுற வேலை அங்க இல்லை. ஒரு திணைக்களத்தில வெற்றிடம் இருக்கோ இல்லையோ எண்டு சந்தேகமா, 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில எழுதிக் கேளுங்கோ, 14 வேலை நாளுக்குள்ள தகவல் தாறமோ இல்லையோ எண்டு அவை முடிவு சொல்லோணும். தங்கச்சியின்ர லெட்டர் விசயத்திலயும் நாங்கள் அப்பிடி ஒரு கடிதம் போட்டனாங்கள், அந்தத் திகதியில அப்பிடி ஒரு நியமனமே வழங்கப்படேல்ல எண்டு எழுத்தில வந்தது, அந்தப் பேப்பர் இப்ப பொலிஸ் பைலில இருக்கு.

இதே ஆளிட்டயோ, இதே மாதிரி மஞ்சள் கோடு போட்ட சுற்றறிக்கை காட்டின வேற ஆளிட்டயோ காசு குடுத்த ஆக்கள் இருந்தா பயப்பிடாமல் வெளிய வாங்கோ. பேங்கில காசு போட்ட ஸ்லிப்பை எறியாதேங்கோ, அதுதான் எங்கட கேசில பெரிய சாட்சி. ஆனா ஸ்லிப் மை கொஞ்ச நாளில அழிஞ்சு வெள்ளையாப் போயிடும், உடன கொப்பி எடுத்து வையுங்கோ. வட்ஸ்அப் வொய்ஸ், மெசேஜ் ஒண்டையும் அழிக்காதேங்கோ, போன் மாத்துறதெண்டாலும் பழைய போனைக் குடுத்திடாதேங்கோ. உங்கட பகுதிப் பொலிசில குடுங்கோ, அரச உத்தியோகத்தர் ஒராள் உண்மையாவே உள்ள இருந்து காசு வாங்கினதெண்டா லஞ்ச ஊழல் ஆணைக்குழுவின்ர 1954க்கு அடியுங்கோ. லெட்டர் கையில இருக்கு, உண்மையோ பொய்யோ தெரியேல்ல எண்டா வேலையை ரிசைன் பண்ண முதல் அந்த ஒபிசுக்கு நேர போய் நிர்வாகப் பகுதியில காட்டுங்கோ. தங்கச்சியின்ர பழைய இடத்துக்கு வேற ஆள் எடுத்தாச்சு, இப்ப அவ பின்னேரங்களில வீட்டில ஓஎல் பிள்ளையளுக்கு கணக்குச் சொல்லிக் குடுத்துக்கொண்டு, வாற வெள்ளிக்கிழமை வர்த்தமானியைத் திரும்பவும் பாத்துக்கொண்டிருக்கிறா.