வயதானவரின் வால்வு சிகிச்சை: எஸ்டிஎஸ், யூரோஸ்கோர், நாற்காலிச் சோதனை

பெருநாடி வால்வு சுருங்கிப்போன எண்பது வயதுக்காரர் சிகிச்சையைத் தாங்குவாரா, பிறகு எவ்வளவு காலம் நன்றாக இருப்பார் என்று கணிக்க எங்களிடம் மூன்று கருவிகள் இருக்கின்றன: ஆபரேஷனின் ஆபத்தைக் கணக்கிடும் எஸ்டிஎஸ் ஸ்கோர், யூரோஸ்கோர் 2, உடல் தளர்ச்சியை அளக்கும் இஎஃப்டி. மூன்றையும் பயன்படுத்தும் இதய மருத்துவன் நான். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு முதலில் இஎஃப்டி என்று முடிவு செய்துவிட்டேன். மற்ற இரண்டையும் விடவில்லை, ஆனால் குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசும்போது இதைத்தான் எடுத்துவைக்கிறேன்.

முதல் இரண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வயது, சிறுநீரகச் செயல்பாடு, இதயத்தின் பம்ப் திறன், முன்பு நடந்த ஆபரேஷன் என்று வரிசையாக நிரப்பினால், இறக்கும் வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று ஒரு எண் வரும். எஸ்டிஎஸ்ஸில் 4-க்குக் கீழே வந்தால் ஆபத்து குறைவு, 8-க்கு மேலே போனால் அதிகம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 2012-ல் வெளியான யூரோஸ்கோர் 2-க்கு 18 விவரங்கள் போதும், சட்டென்று முடிந்துவிடும். எஸ்டிஎஸ் இன்னும் நிறையக் கேட்கும். இரண்டில் ஒன்றுதான் என்றால் எஸ்டிஎஸ்ஸை எடுப்பேன். நெஞ்சைத் திறந்து செய்யும் ஆபரேஷனின் தரவிலிருந்து உருவானவை இவை. தொடை ரத்தக்குழாய் வழியே வால்வு பொருத்தும் டாவி முறைக்கு அப்படியே பொருந்திவிடாது.

என்னைத் தீர்மானிக்க வைத்தது காலக்கணக்குதான். எஸ்டிஎஸ் 30 நாள் வரை பார்க்கிறது. யூரோஸ்கோர் 2 மருத்துவமனையில் இருக்கும் நாட்களோடு நின்றுவிடுகிறது. சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போய், படுக்கையை விட்டு எழ முடியாமல் ஐந்தாவது மாதம் இறந்துபோகிறவர் இந்த இரண்டு கணக்கிலும் பிழைத்தவர்தான். பெரியவர்களோ ‘அடுத்த வருஷம் நானாக நடமாடுவேனா’ என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குக் கொஞ்சமாவது பதில் சொல்வது இஎஃப்டி. கனடா, அமெரிக்கா, பிரான்ஸ் நாடுகளின் 14 மையங்களில் 1,020 பேரிடம் ஏழு தளர்ச்சி அளவுகோல்களை ஒப்பிட்ட ஆய்வு 2017-ல் வந்தது. அதில் ஓராண்டு இறப்பை மற்றவற்றைவிட நன்றாகக் கணித்தது இதுதான். டாவி செய்துகொண்டவர்களில், 0 அல்லது 1 மதிப்பெண் பெற்றவர்களில் சுமார் 6 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். 5 பெற்றவர்களில் சுமார் 65 சதவீதம்.

செய்வது எளிது. கைகளை மார்போடு கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். 15 நொடிக்குள் முடித்தால் 0, அதற்கு மேல் ஆனால் 1, முடியவே இல்லை என்றால் 2. நினைவாற்றல் சோதனையில் குறைபாடு தெரிந்தால் ஒன்று, ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13-க்கும் பெண்களுக்கு 12-க்கும் கீழே இருந்தால் ஒன்று, ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் 3.5-க்குக் கீழே போனால் ஒன்று. மொத்தம் ஐந்து. மூன்றாவது தடவை எழும்போது கை தானாகத் தொடையை ஊன்றப் போகும், பக்கத்தில் நிற்கும் மகளும் தாங்கிப் பிடிக்க வருவார். இரண்டையும் அன்பாகத் தடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எண் பொய்யாகிவிடும்.

சிக்கல்களும் உண்டு. முட்டி தேய்ந்தவர் எழ முடியாமல் போவதற்கும், தசை கரைந்தவர் எழ முடியாமல் போவதற்கும் இந்தச் சோதனையில் ஒரே மதிப்பெண்தான். அப்புறம், வால்வு அடைப்பாலேயே மூச்சு வாங்கித் தளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். வால்வைச் சரிசெய்ததும் அவர்களில் சிலர் தெம்பாகிவிடுகிறார்கள். யார் அப்படித் தேறுவார் என்று முன்கூட்டிச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. புரதச் சத்தும் உடற்பயிற்சியும் கொடுத்து மதிப்பெண்ணை இறக்கினால் ஆயுள் கூடுமா என்பதையும் என் அனுபவத்தை வைத்து உறுதியாகச் சொல்ல மாட்டேன். இதயத்தின் இன்னொரு வால்வான மைட்ரல் வால்வில் நோய் உள்ளவர்களிடம் நான் இதைப் பயன்படுத்தியது மிகக் குறைவு. அந்த 2017 ஆய்வே பெருநாடி வால்வு பற்றியது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மதிப்பெண் கூடுதலாக வந்துவிட்டது என்பதற்காகவே ஒருவரைத் திருப்பி அனுப்புவதில்லை. ஆபரேஷனுக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவர்களிடம் நடந்து 2010-ல் வெளியான பார்ட்னர் ஆய்வில், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். டாவி பெற்றவர்களில் அது 30.7 சதவீதம். 4 அல்லது 5 வந்தால் இந்த இரண்டு எண்ணையும் குடும்பத்தார் முன் வைத்து, முதியோர் நல மருத்துவரையும் கூட அழைத்துக்கொண்டு பேசுகிறேன்.